மேகசின் இல்லாத மவுசர்

உக்காருங்க அம்மிணி. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க. முதலாளி கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கறாருங்க, அங்க போனா மனுசன் எப்ப திரும்புவாருன்னு சொல்ல முடியாது. காப்பி சொல்லியிருக்கேன், வந்துரும். துப்பாக்கியைக் கொண்டாரலீங்களா? வேற கடையில ஒப்படைச்சு வெச்சிருக்கீங்களா, அதுவும் நல்லதுதான். கைப்பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறி வந்து, போலீசுகிட்ட மாட்டி, அழுதுக்கிட்டு நின்னவங்களை எல்லாம் பாத்திருக்கேன் நானு.

என்ன கேட்டீங்க? பழைய பிஸ்டல்ல உள்ளுக்குள்ள ஒரு பாகத்தை எடுத்திருந்தா, அதை எப்ப எடுத்தாங்கன்னு கண்டுபுடிக்க முடியுமான்னா?

அட, நல்ல கேள்வி கேட்டீங்க போங்க! இந்தப் படியேறி வர்றவங்க எல்லாரும் "எவ்வளவுங்க வரும்"னுதான் வாயைத் தொறப்பாங்க. அந்தக் கடைக்காரன் பாகம் கொறையுதுன்னு சொன்னானாக்கும்? சொல்லியிருப்பான். ஆனா எப்ப எடுத்ததுன்னு அவனுக்குச் சொல்லத் தெரியாது. அதுக்கு இந்த வெள்ளிங்கிரிகிட்டத்தான் வரணும். சித்த நேரம் இருங்க, எல்லாம் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துத் துப்பாக்கி அழகா இருக்கக் கூடாதுங்க. ஜெர்மன்காரன் சண்டை ஆரம்பிச்சப்போ செஞ்சதெல்லாம் மூஞ்சி பாத்துத் தலை சீவலாம், அப்படி மெருகு. சண்டை முத்த முத்த மெருகு போட அவனுக்கு நேரமேது? அரம் ஓடுன கீறலோட அப்படியே பட்டாளத்துக்கு அனுப்பிட்டான். அந்தக் கீறல் இருக்கோணும். நம்மாளு என்ன பண்ணுவான், தாத்தன் துப்பாக்கி கருத்துக் கெடக்குதேன்னு லேத்துப் பட்டறையில குடுத்துத் தேய் தேய்னு தேச்சு, நிக்கல் முலாம் பூசி, கல்யாணப் பொண்ணாட்டம் கொண்டாந்து வெப்பான். "பளபளன்னு இருக்குது பாத்தீங்களா"ம்பான். எனக்கு வயிறு எரியுமுங்க. பாதி வெலை அங்கயே போச்சு.

அப்பறம் நம்பரு. மேல இருக்கற நம்பரும் கீழ இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கோணும். கழுகு முத்திரை தேயாம இருக்கோணும். இதெல்லாம் எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்குது. எந்த வெள்ளைக்காரன் புஸ்தகத்துலயும் இல்லாதது ஒண்ணு இருக்குதுங்க, பொட்டுப் பள்ளம். நாம வருசாவருசம் ஆயுத பூசைக்கு சந்தனத்தைக் கொழச்சு, குங்குமத்தைத் தொட்டு, துப்பாக்கி மேல வெக்கறோமில்லீங்களா? சாமிக்கு வெச்ச பொட்டைத் தொடைக்கலாமான்னு அப்படியே விட்டுருவாங்க. அந்த ஈரத்துல இரும்பு அரிச்சு, அதே எடத்துல அரிசி அளவுக்கு ஒரு குழி விழும். "எங்க வீட்டுலயே அறுபது வருசமா இருக்குது"ன்னு எவனாச்சும் சொன்னா, நான் கண்ணை மூடிக்கிட்டு வெரலால தடவிப் பாப்பேன். குழி இல்லைன்னா அவன் கதை உடறான்.

அந்த மவுசர்ல குழி இருந்துச்சு. அம்சமா இருந்துச்சு.

எந்த மவுசரா? உங்க கேள்விக்குப் பதிலே அதுதானுங்க. மவுசர்ங்கற ஜெர்மன் பிஸ்டலுக்குன்னே தனி மவுசு உண்டு, அதுலயும் இது சொக்கத் தங்கம். ஆனா யாரு வூட்டுதுன்னு கேக்காதீங்க. அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். தலையே போனாலும் பேரு என் வாயில வராது. உடுமலைக்கு அந்தப் பக்கம், பஞ்சு ஜின்னிங் பேக்டரி வெச்சிருந்த குடும்பம், அவ்வளவுதான் சொல்லுவேன். மாமனாரு பழைய மிலிட்டரி, சுபேதாரு. இத்தாலியில சண்டை போட்டவரு. அங்க ஒரு ஜெர்மன் ஆபீசருகிட்டப் புடுங்கிக்கிட்டு வந்ததுதான் அந்த மவுசரு.

என்னமோ சொல்ல வந்தீங்களே? இருங்க அம்மிணி, கோர்வையா சொல்லி முடிச்சுர்றேன். நடுவுல உட்டா எனக்கு மறந்துரும்.

அந்தச் சுபேதாரு இருந்த வரைக்கும் அதை வெளியாளு ஒருத்தன் கண்ணுலயும் காட்டலீங்க. "நான் கண்ணை மூடற வரைக்கும் இதை எவன் கையிலயும் குடுக்கப்படாது"ன்னு மருமககிட்டக் கண்டிசனா சொல்லி வெச்சிருந்தாராம். அவரும் போய்ச் சேந்தாரு. லைசென்சு மருமக பேருக்கு மாறுச்சு. அந்தம்மாவுக்கு அது எதுக்குங்க? வூட்டுக்காரரு செத்ததே அதாலதான். வித்துத் தொலைச்சுரலாம்னு எனக்கு ஆள் அனுப்புனாங்க. பதினஞ்சு வருசம் இருக்கும்.

போனேன். கூடத்துல உக்கார வெச்சு, பட்டுத்துணியில சுத்துனதைக் கொண்டாந்து முன்னாடி வெச்சாங்க. வெச்சுட்டு, நான் கேக்காமயே, வூட்டுக்காரரு செத்த கதையைச் சொன்னாங்க. எத்தனையோ பேருகிட்டச் சொல்லிச் சொல்லி மரத்துப்போன பேச்சு அது. ஆயுத பூசை அன்னிக்குக் காலைல மாடி ரூம்புல உக்காந்து தொடைக்க எடுத்திருக்கறாரு. எண்ணெய்க் குப்பி, துணி எல்லாம் பக்கத்துல. குண்டு அடுக்கற மேகசினைக் கழட்டி மேசை மேல வெச்சிருக்கறாரு. அதான் கழட்டியாச்சே, காலின்னு நெனச்சுட்டாரு. குழாய்க்குள்ள ஒரு குண்டு நின்னுருக்குது. விசையில வெரல் பட்டுருச்சு. போலீசு வந்து மேசையில கெடந்த மேகசினைப் பாத்துட்டு, விபத்துன்னு எழுதிட்டாங்க. "அவ்வளவுதானுங்க அவரு ஆயுசு"ன்னாங்க அந்தம்மா.

நான் உச்சுக் கொட்டுனேன். பொய் சொல்லக் கூடாது, என் கண்ணெல்லாம் மவுசர் மேலதான். அரக்கீறல் அப்படியே இருக்குது. நம்பர் ஒண்ணு. கழுகு ரெக்கை ஒவ்வொரு எறகும் தெரியுது. பிடிக்கட்டை அதே வால்நட் மரம். தொறந்து உள்ள பாத்தேன். அதுவும் இருக்குது!

எதுவா? அதைத்தான் சொல்ல வர்றேன். அந்த மாடல் மவுசர்ல ஒரு விசேசம். மேகசின் உள்ள இல்லைன்னா வெடிக்காது. குழாய்க்குள்ள குண்டே நின்னாலும் வெடிக்காதுங்க. அதுக்குன்னு உள்ள ஒரு குட்டி நெம்புகோல் வெச்சிருக்கறான், நாங்க நெம்புன்னுதான் சொல்லுவோம். நம்மூர்ல பாதிப் பேரு அது தொந்தரவுன்னு கழட்டி வீசிருவாங்க. அந்த நெம்பு இருந்துச்சுன்னா வெலையே வேற. இதுல இருந்துச்சு. பழைய எண்ணெய் பிசினாட்டம் அதைச் சுத்தி இறுகிக் கெடந்துச்சு. பட்டறையில இருந்து வந்த நாள்ல இருந்து ஒரு கை படலை.

எனக்குச் சந்தோசம் தாங்கலை. "அம்மா, இங்க பாருங்க"ன்னு கூப்புட்டேன். காலின்னு ரெண்டு தடவை பாத்துக்கிட்டு, மேகசினை உருவித் தனியா வெச்சேன். பின்னாடி குட்டிச் சுத்தியலாட்டம் இருக்கற சுத்தியை இழுத்து நிறுத்தி, விசையை அமுக்குனேன். ஒரு சத்தமும் இல்லை. சுத்தி நின்ன எடத்துலயே நிக்குது. "பாத்தீங்களா, மேகசின் இல்லாம இது வேலை செய்யாது. ஒரிஜினல்!"ன்னேன்.

"இன்னொருக்கா அமுக்குங்க"ன்னாங்க.

அமுக்குனேன். இல்லை.

"இன்னொருக்கா."

அமுக்குனேன். அப்பறம் மேகசினைச் சொருகிட்டு அமுக்கிக் காட்டுனேன். சுத்தி டக்குன்னு உழுந்துச்சு. "குண்டு உள்ள இருந்தாலுமா வெடிக்காது?"ன்னு கேட்டாங்க. இருந்தாலும்தானுங்கன்னேன். "அப்ப அவரு எப்படிங்க"ன்னு ஆரம்பிச்சவங்க, பாதியில நிறுத்திட்டாங்க. அப்பத்தான் எனக்கே மண்டையில ஏறுச்சு.

நீங்களும் யோசிச்சுப் பாருங்க அம்மிணி. மேகசின் மேசையில இருக்கையில அது வெடிக்கவே முடியாது. அப்ப வெடிக்கறப்போ மேகசின் உள்ள இருந்திருக்குது. செத்தவரு எந்திரிச்சு வந்து உருவி வெப்பாரா? வேற எவரோ அப்பறமா உருவி மேசையில வெச்சு, தொடைக்கையில ஆனதாட்டம் காட்டியிருக்கறாங்க. யாரு? சுபேதாருதான்! மகன் தானே சுட்டுக்கிட்டுச் செத்தான்னு ஊரு பேசிரும், மருமக மனசு ஒடஞ்சுருவாள்னு கெழவன் செஞ்ச வேலை. அதனாலதான் எவன் கையிலயும் குடுக்காதேன்னு சொன்னாரு. எப்படிக் கணக்குப் போட்டேன் பாத்தீங்களா? நான் வாயைத் தொறந்து சொல்லலை. ஆனா அந்தம்மாவும் அதே கணக்கைப் போட்டுட்டாங்க. மூஞ்சியில தெரிஞ்சுச்சு.

அதுவரைக்கும் கல்லாட்டம் பேசுனவங்க, அப்பத்தான் ஒடஞ்சாங்க. அன்னிக்குக் காலைல ரெண்டு பேருக்கும் வாக்குவாதமாம். ஒண்ணுமில்லாத விசயம், நாத்தனா வூட்டுச் சீருக்குப் போறதா வேண்டாமான்னு. "இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு சமையக்கட்டுக்குப் போனாங்களாம். புருசன் பொண்டாட்டிக்குள்ள சொல்றதுதானுங்களே? எம்பொண்டாட்டி வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்றா. ஆனா அதுக்கப்பறம் அரை மணி நேரத்துல அந்தச் சத்தம் கேட்டுச்சாம். "விபத்து, விபத்துன்னு சொல்லித்தானுங்க இத்தனை வருசம் தூங்குனேன்"னாங்க.

அப்பறம் என்னைக் கெஞ்ச ஆரம்பிச்சுட்டாங்க. "நல்லாப் பாருங்க. அப்ப அந்த நெம்பு இல்லாம இருந்து, மாமா பின்னாடி வாங்கி மாட்டியிருக்கலாமில்லீங்க? மாத்துனதுன்னு சொல்லுங்க. வெலை கொறஞ்சாப் போகுது." எத்தனை வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், தன் துப்பாக்கியை டூப்ளிகேட்டுன்னு சொல்லச் சொல்லி அழுத ஆளை அன்னிக்குத்தான் பாத்தேன். நான் என்னங்க செய்ய முடியும்? இருக்கறதை இருக்குதுன்னுதானே சொல்லோணும்? "ஒரிஜினல்தானுங்க"ன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டாங்க. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். நான் உள்ளதைத்தானே சொன்னேன், நீங்களே சொல்லுங்க.

இருங்க, எந்திரிக்காதீங்க, இன்னும் உங்க கேள்விக்கு வரலை. உக்காருங்க.

ஆறேழு மாசம் கழிச்சுக் கூப்புட்டாங்க. விக்கறதுக்குத்தான் மனசு வந்துருச்சாக்கும்னு ஓடுனேன். ஊட்டியில ஒருத்தரு அந்த மவுசருக்குத் தவம் கெடந்தாரு. போனா, அதே கூடம், அதே பட்டுத்துணி. "இப்பப் பாருங்க"ன்னாங்க. உள்ள பாத்தேன். அந்த நெம்பை அறுத்து எடுத்திருந்தாங்க! பேக்டரி மெக்கானிக்கை உட்டு, ரம்பத்தைப் போட்டு. அறுத்த எடம் புதுசா வெள்ளை வெளேர்னு மினுங்குது. பழசா இருந்தா கருத்திருக்கும். உங்க கேள்விக்குப் பதில் அதுதான், அறுத்த எடத்தோட நெறத்தைப் பாக்கோணும்.

"என்ன காரியம் பண்ணீட்டீங்க! உலகத்துல எத்தனை மிச்சமிருக்குது தெரியுமா? கொன்னுட்டீங்களே!"ன்னு கத்திட்டேன். அவங்க காதுலயே வாங்கலை. "மேகசினை உருவிட்டு அமுக்குங்க"ன்னாங்க. அமுக்குனேன். டக்குன்னு உழுந்துச்சு. "இப்ப வெடிக்கும்தானுங்க? மேகசின் இல்லாமயே வெடிக்கும்தானுங்க?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க. அழுதிருந்தாக்கூட எனக்குப் பயம் வந்திருக்காது அம்மிணி. அந்தச் சிரிப்பு இன்னிக்கும் என்னைத் தூங்க உடறதில்லை.

அப்பறம் சொன்னாங்க: "இது நாளைக்கு எம்பொண்ணுகிட்டப் போகும். அவளும் எங்கயாச்சும் கொண்டுபோய்க் காட்டுவா. அவனும் உங்களாட்டம் அமுக்கிக் காட்டுவான். அவளுக்கு அப்பான்னா உசுருங்க. அவளுக்காச்சும் அது விபத்தாவே இருந்துட்டுப் போகட்டும். நீங்க மட்டும் வாயைத் தொறக்காதீங்க." சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அன்னிக்கு இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருகிட்டச் சொன்னதில்லை. உங்ககிட்டக்கூடப் பேரைச் சொன்னேனா? சொல்லலையே.

அதோட உட்டாங்களா? நெம்பை அறுத்தாச்சு, வெடிக்குதுன்னு கண்ணால பாத்தாச்சு, அப்பறமும் மனசு கேக்கலை. வருசாவருசம் ஆயுத பூசை அன்னிக்குப் போன் வரும். எடுத்தா சொகமான்னு கூடக் கேக்க மாட்டாங்க. "ஏனுங்க, அது அப்ப நெசமாவே ஒரிஜினல்தானுங்களா?" நான் "ஒரிஜினல்தானுங்க"ம்பேன். வெச்சுருவாங்க. பூசைக்கு இங்க எல்லாத் துப்பாக்கிக்கும் பொட்டு வெச்சுக்கிட்டு இருப்பேன், போன் மணி அஞ்சாறு தடவை அடிச்ச பொறகுதான் எடுப்பேன். இப்பெல்லாம் மேகசினை உருவிட்டு எந்த விசையையும் நான் அமுக்கறதில்லீங்க. அமுக்குனா, "இன்னொருக்கா"ன்னு காதுகிட்டக் கேக்குது. முதலாளியை அமுக்கச் சொல்லிட்டு நான் வெளிய போய் நின்னுக்குவேன். நான் என்ன தப்புப் பண்ணேன்னு எனக்கு இந்தப் பாடு?

இந்த வருசம் போன் வரலை. மறந்துட்டாங்களாட்ட இருக்குது. அப்பாடான்னு இருந்துச்சு.

என்ன அம்மிணி, காப்பி அப்படியே ஆறிப்போச்சு. கண்ணு எரியுதா? எண்ணெய் வாசம் புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான், அந்த சன்னலைத் தொறந்து உடறேன். சரி, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், உங்க விசயத்துக்கு வாங்க. என்ன கம்பெனித் துப்பாக்கி?

மவுசரா.

இருக்கட்டுமே, நம்ம ஜில்லாவுல நாலஞ்சு மவுசர் இருக்குதுங்க. லைசென்சு யாரு பேருல இருந்துச்சு? அம்மா பேருலயா.

ஊரு... வேண்டாம். ஊரைச் சொல்லாதீங்க. சொல்லாதீங்க கண்ணு.

இல்லைம்மா, நான் சொன்னது வேற. உடுமலைன்னா சொன்னேன்? நாக்குத் தவறிப் போச்சு, அது தாராபுரத்துப் பக்கம். வயசாச்சு எனக்கு, எதையாச்சும் ஒளறிக்கிட்டு இருப்பேன். உங்களுது பழைய வேலை. பாக்காமயே சொல்றேன், அந்தக் காலத்துலயே அறுத்தது. மேகசின் இல்லாமயே வெடிக்கும். அப்பாவுக்கு நடந்தது விபத்துதான். நான் எழுதியே தர்றேன், முத்திரை போட்டு...

என்ன சொன்னீங்க?

அழுகாதீங்க, மெதுவாச் சொல்லுங்க, எனக்குச் சரியாக் கேக்கலை. மேகசினை யாரு உருவுனா?

நீங்களா?

சத்தம் கேட்டு மொதல்ல மாடிக்கு ஓடுனது நீங்களா? ஒம்பது வயசுப் புள்ளை... அப்பா சொல்லிக் குடுத்திருந்தாரா? துப்பாக்கி எங்க கெடந்தாலும் மொதல்ல மேகசினை உருவித் தள்ளி வெச்சுரோணும், அப்பறம்தான் மத்ததெல்லாம்னு? அவரு அப்படிக் கெடக்கையில, அதை நெனப்பு வெச்சு, உருவி மேசையில வெச்சீங்களா! ஐயோ, என் சாமி. தாத்தா வந்து கையைத் தொடச்சு உட்டுட்டு, நீ தொட்டதை நீ சாகற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு உடாதேன்னாரா. போலீசு உங்களைக் கேள்வி கேட்டுக் கொன்னுரும்னு பயந்திருப்பாரு மனுசன். அதுக்குத்தான் அந்தத் துப்பாக்கியையே பொத்திப் பொத்தி வெச்சாரா.

அப்ப யாரும் எதையும் ஜோடிக்கலை. வெடிச்சப்போ மேகசின் உள்ளதான் இருந்திருக்குது, ஆனா அவரு அதைக் கழட்டறதுக்கு முன்னாடியே கையில எடுத்தப்போ வெடிச்சிருக்கலாம். எண்ணெயும் துணியும் எடுத்து வெச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருக்கறாரு? தொடைக்கத்தானே உக்காந்தாரு? விபத்தாவே இருந்திருக்கலாம் அம்மிணி. இது ஏன் எனக்குத் தோணலை? அந்தம்மா அப்படிக் கெஞ்சுனாங்களே, நான் ஒரிஜினல் ஒரிஜினல்னு சொன்னேனே ஒழிய, இது எனக்குத் தோணவே இல்லையே.

அம்மா எப்பம்மா தவறுனாங்க?

மாசியிலயா.

இதை அம்மாகிட்ட மட்டுமாச்சும் சொன்னீங்களா கண்ணு?